கூடை மாற்றும் ஊரில் ஈய முத்திரை

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, போலிச் சரக்கை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதுதான். திருட்டு லாரி, பொய்ச் சீட்டு, துரத்திப் பிடித்த கதை என்று எதையோ எதிர்பார்த்து நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். அவர்களை ஏமாற்றுவதில் எனக்கு வருத்தம்தான். திருடனைப் பிடிப்பது சுலபம், தம்பிகளே. அவனுக்குத் தான் திருடன் என்று தெரியும். பொய்யே சொல்லாத மனிதர்களின் குவியலில் வேற்றூர்ப் பழம் கிடக்கும்போதுதான் எங்கே தேடுவது என்று தெரியாது.

நீங்கள் இப்போது புவிசார் குறியீடு என்கிறீர்கள். சட்டமும் வரைபடமும் உங்களிடம் இருக்கின்றன. ஐம்பதுகளில் எங்களிடம் இருந்தது தோப்புக்காரர்களின் சங்கம் ஒன்று, இடுக்கி ஒன்று, பை நிறைய ஈய வில்லைகள். மாங்கூடையின் வாயில் சாக்கைப் போட்டுத் தைத்து, கயிற்று முடிச்சில் வில்லையை வைத்து இடுக்கியால் அழுத்தினால், ஒரு பக்கம் வட்டாரத்தின் பெயரும் மறுபக்கம் தோப்புக்காரரின் எண்ணும் பதியும். அந்த ஈயம் தொங்கினால் சென்னை மார்க்கெட்டில் கூடையைப் பிரிக்காமலே ஏலம் கேட்பார்கள். எங்கள் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து மாம்பழம் என்று சொல்லி எவரெவரோ எங்கெங்கோ விளைந்ததை விற்றுக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான் சங்கம் வந்தது. என்னை முத்திரை ஆய்வாளர் என்றார்கள். ஊர்க்காரர்கள் 'சீலுக்காரரு' என்றார்கள்.

எனக்குப் பிறவியிலேயே பயந்த சுபாவம். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தெருவில் இறங்குவேன். இப்படிப்பட்டவனிடம் போய் இடுக்கியைக் கொடுத்தார்களே என்று பலமுறை நினைத்ததுண்டு. பிறகு பார்த்தால், பயமில்லாதவனிடம் அதைக் கொடுத்திருந்தால் கெம்பதொட்டியில் ஒரு குடும்பம் நாசமாகியிருக்கும்.

கெம்பதொட்டி பாகலூருக்கு அப்பால் எல்லையோரத்துச் சிற்றூர். ஊரின் வடக்கே ஓர் ஓடை. ஓடைக்கு இந்தப் பக்கம் நாங்கள். அப்போது எங்களுக்கு சேலம் ஜில்லா. அந்தப் பக்கம் மைசூர் ராஜ்யம். இக்கரையில் நின்று கூப்பிட்டால் அக்கரையில் ஆள் திரும்பிப் பார்ப்பார். இரு கரையிலும் மாந்தோப்பு, இரு கரையிலும் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே வாயில் வரும். எல்லை என்னவோ ஆதியிலிருந்தே இருந்ததுதான். மாநிலங்களைத் திருத்திப் பிரித்த அந்த வருஷங்களில்தான் டீக்கடைக்கு டீக்கடை அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். எங்கள் சங்க விதியும் அதே ஓடையைத்தான் எல்லையாக வைத்திருந்தது. அக்கரைக் காய் ஒன்றுகூட முத்திரைக்குள் வரக்கூடாது.

விதி வீம்புக்காகப் போட்டதல்ல. மாங்கொட்டைக்குள் இருந்து வளரும் வண்டு ஒன்று உண்டு. வெளியே பார்த்தால் பழம் தங்கமாக இருக்கும். கத்தியை வைத்தால் கறுப்பாக ஒன்று நடந்து வரும். எங்கள் பக்கத்தில் உதிர்ந்த காயைப் பொறுக்கி, கொட்டையை அடுப்பில் போட வேண்டும் என்று சங்கம் தலைகீழாக நின்று பழக்கியிருந்தது. அக்கரையில் சொல்ல ஆளில்லை. அங்கே வண்டு அதிகம்.

அந்த வருஷத்து முதல் பறிப்பு லாரி போன கொஞ்ச நாளிலேயே சென்னை வியாபாரியிடமிருந்து ஆள் வந்துவிட்டது. எங்கள் முத்திரை போட்ட கூடையில் வண்டு. முத்திரையின் பின்பக்கம் இருந்த எண் கெம்பதொட்டி முனிரத்தினம்மாவுடையது.

எங்கள் மேலாளர் நல்ல மனிதர்தான். ஆனால் மேலிடத்திலிருந்து ஒரு குரல் உயர்ந்தால் அதை இரண்டு மடங்காக்கிக் கீழே இறக்குவார். "இன்னொரு கூடையில வண்டு வந்தா, அந்த ஊருக்கே இந்த வருஷம் முத்திரை கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. வெளிக்காய் யாரு கலக்கறாங்கன்னு பாத்து, பேரோட வா. பேரில்லாம வராதே" என்றார்.

"அந்தம்மா கலந்திருக்காட்டி?" என்று மென்று விழுங்கினேன்.

"கலக்காம வண்டு என்ன, பஸ் ஏறியா வந்துச்சு? எண்ணு அவங்களுது. எடுத்துட்டு வா."

எண்ணை எடுப்பது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். முனிரத்தினம்மாவின் கணவர் இறந்து அதிக நாள் ஆகவில்லை. தோப்பை அந்த அம்மாள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவரின் தம்பி திம்மப்பன் அதே ஊர். பக்கத்துத் தோப்பு அவருடையது. பொம்பளை ஒருத்தி மாந்தோப்பை ஆள முடியுமா, என்னிடம் விட்டுவிடட்டும் என்று ஊர்ப் பெரியவர்களிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "சங்கத்து எண்ணு அண்ணி பேருல இருக்கற வரைக்கும் பேச மாட்டேன்" என்று அவரே ஒரு வார்த்தையும் கொடுத்திருந்தார். ஆக, அந்தத் துண்டு ஈயத்தில் இருந்த எண்தான் அவளுடைய வேலி. அது போனால் தோப்பும் போகும்.

பஸ்ஸில் பாகலூர் வரை போய், அங்கிருந்து சைக்கிளில் கெம்பதொட்டிக்குப் போனேன். இரண்டாவது லாரி அன்று மாலை வர இருந்தது. ஒவ்வொரு தோப்பிலும் வைக்கோல் பரப்பி அதன்மேல் காய் குவித்திருந்தார்கள். ஊருக்குள் நுழையும்போதே திம்மப்பன் எதிரே வந்து என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். பின்னால் நாலைந்து தோப்புக்காரர்கள்.

"சீலுக்காரரே, ஒருத்திக்காக ஊரு கெட முடியாது. அண்ணி எங்கிருந்தோ மைசூர்க் காய வாங்கிக் கலக்கறாங்க. கேட்டா இல்லங்கறாங்க. நானே சொல்றேன், அவங்க எண்ண எடுத்துடுங்க. ஊரு பொழைக்கட்டும்."

"நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாக்கணுமா என்ன? வண்டு அவங்க கூடயில தானே வந்துச்சி!"

ஒரே விஷயத்தில் இரண்டு பேர் இரண்டு காரணத்துக்காக ஒரே பெயரைச் சொன்னால், அப்போதுதான் நின்று யோசிக்க வேண்டும். இதைத்தான் உங்களுக்கெல்லாம் அடித்துச் சொல்கிறேன். மேலாளருக்கு ஒரு பெயர் தேவை. திம்மப்பனுக்கு அந்தப் பெயர் தேவை. இருவருக்கும் வசதியாக ஓர் ஈயத்துண்டு சாட்சி சொல்கிறது. இவ்வளவு வசதியாக இருந்ததே எனக்குப் பிடிக்கவில்லை. தைரியத்தால் அல்ல, தவறான பெயரை எழுதிவிட்டு இராத்திரி படுக்க வேண்டுமே என்ற பயத்தால்.

முனிரத்தினம்மா தோப்பில் குவியலருகே நின்றிருந்தாள். நாற்பதைத் தாண்டாத பெண். அழுது முடித்துவிட்டு முகம் கழுவியிருந்தாள் என்பது பார்த்தால் தெரிந்தது. எல்லம்மா கோயில் விளக்கைத் தொட்டுச் சத்தியம் செய்யத் தயார் என்றாள்.

"ஒரு காய் நான் வெளியில வாங்கல சார். என் தோப்புக் காய் தவிர வேற காய் இந்தக் குவியல்ல இல்ல. நீங்க வேணா மரத்துக்கு மரம் எண்ணிப் பாருங்க."

அவள் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றியது. தோன்றி என்ன செய்ய? வண்டு வந்ததும் பொய்யில்லையே. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அந்தப் பாவம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். காயைக் கையில் எடுத்தேன், முகர்ந்தேன், வைத்தேன். இக்கரைப் பாதாமி மாங்காயும் அக்கரைப் பாதாமி மாங்காயும் ஒரே நிறம், ஒரே வடிவம். இந்திரனே வந்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது. நேரம் போய்க்கொண்டிருந்தது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

அப்போதுதான் ஓடைப் பக்கத்திலிருந்து ஓர் இளம்பெண் தலையில் கூடையோடு வந்தாள். சேலை நனையாமல் தூக்கிச் செருகியிருந்தாள். முனிரத்தினம்மாவின் முகம் அந்தக் கலவரத்திலும் மலர்ந்துவிட்டது.

"என் மக சாந்தம்மா சார். அக்கரையில குடுத்திருக்கறேன்."

சாந்தம்மா என்னைக் கவனித்தாளோ இல்லையோ, நேரே குவியலுக்குப் போனாள். அம்மா ஒரு கை கொடுக்க, தலைக்கூடையை இறக்கி அதிலிருந்த மாங்காய்களை அப்படியே அம்மாவின் குவியல்மேல் சரித்தாள். அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, அதே கூடையில் தன் குவியலிலிருந்து காய்களை எடுத்து நிரப்ப ஆரம்பித்தாள். என் கண் முன்னாலேயே. கூச்சம் இல்லை, மறைவு இல்லை. ஆய்வாளர் ஒருவன் இடுக்கியும் கையுமாக நிற்கிறான் என்ற நினைப்பே இல்லை.

"என்னம்மா இது?" என்றேன்.

"எது சார்?"

"இந்தக் காய்! அக்கரைக் காய் இல்லையா?"

அவள் என்னைக் குழப்பமாகப் பார்த்தாள். "இது என் மக வீட்டுக் காய் சார். வெளிக்காயா?"

பறிப்புக்குப் பறிப்பு அவர்கள் அப்படித்தான் செய்வார்களாம். கட்டிக் கொடுத்த பெண் மாமியார் வீட்டுத் தோப்பிலிருந்து ஒரு கூடை கொண்டுவந்து தாய்வீட்டுக் குவியலில் கொட்ட வேண்டும். தாய் தன் குவியலிலிருந்து நிரப்பித் திருப்பியனுப்ப வேண்டும். கூடை வெறுமையாகத் திரும்பக் கூடாது. கொட்டாமல் ஓரமாக வைத்தால் குவியல் பெருகாது. 'கூடை மாத்திக்கறது' என்பார்கள். என்னிடம் அவள் செய்த சத்தியம் முழுக்க முழுக்க உண்மை. மகள் வீட்டுக் காயைத் தன் காயாக எண்ணாமல் வேறெப்படி எண்ணுவாள்?

இந்த இடத்தில் எனக்கு நிம்மதி வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். வரவில்லை. காரணம் கிடைத்துவிட்டது, அந்தக் காரணம் அவளைக் காப்பாற்றாது என்பதும் கூடவே தெரிந்துவிட்டது. அக்கரைக் காய் கலந்தது நிஜம். கலந்தவள் அவள். மேலாளர் கேட்ட பெயர் இதோ நிற்கிறது. பின்னாலேயே வந்துவிட்ட திம்மப்பன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்.

"பாத்தீங்களா சார்? கையும் களவுமா! இப்பவாவது நம்பறீங்களா?"

நான் முனிரத்தினம்மாவைத் தனியே அழைத்துக் கேட்டேன். "இந்த ஊர்ல எல்லாரும் அக்கரையில பெண் குடுத்திருக்காங்களே. மத்த வீட்டுக் குவியல்லயும் இப்படிக் கொட்டறாங்களா? சொல்லுங்கம்மா. உங்களுக்கு மட்டும் ஏன் இந்தத் தலையெழுத்து?"

அவள் திம்மப்பனின் வீட்டுப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "மத்தவங்க வூட்டுப் பொண்ணப் பத்தி நான் எதுக்கு சார் பேசணும்? எனக்குத் தெரியாது."

தெரியும். அவளுக்கு நன்றாகத் தெரியும். தாய்வீட்டுக்கு ஆசையாய்க் கூடை கொண்டுவந்த பெண்ணின் பெயரைச் சபையில் இழுக்க அவளுக்கு மனம் வரவில்லை. தன் தோப்பே போகிற நேரத்தில்கூட வரவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நல்லவர்கள்மேல் வரும் கோபம் இருக்கிறதே, அது கெட்டவர்கள்மேல் வருவதைவிடக் கொடுமையானது.

ஆனால் சாந்தம்மாவுக்கு அம்மாவின் பொறுமை இல்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு திம்மப்பனிடம் போய் நின்றாள்.

"என்னா சித்தப்பா, எங்கம்மா களவு பண்ணுச்சா? நேத்து கங்கா உன் குவியல்ல கொட்னது என்னா, கருங்கல்லா? நானும் அவளும் ஒண்ணா தானே மாங்கா பொறுக்கிக் கூடயில போட்டோம்!"

கங்கா திம்மப்பனின் சொந்த மகள். அவளும் அக்கரையில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

"ஏய், வாய மூடு!" என்று அம்மா பாய்ந்து வந்து மகளின் தோளில் ஒன்று வைத்தாள். திம்மப்பனின் முகத்தைப் பார்த்தேன். நடித்துக்கொண்டிருந்தவரின் முகமாக அது இல்லை. அவருக்கும் அந்தக் கணத்தில்தான் உறைத்தது. மகள் கொட்டிய கூடையை அவரும் வெளிக்காய் என்று நினைத்ததே இல்லை. பின்னால் நின்ற தோப்புக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஆளுக்கொரு மரத்தைப் பார்த்தார்கள்.

லாரி வந்துவிட்டது. டிரைவர் இறங்கி, "ஏத்தலாமா?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முத்திரை போட்டால் அடுத்த வண்டு எந்த எண்ணிலும் வரலாம், ஊரே போகும். முனிரத்தினம்மா எண்ணை மட்டும் எடுத்தால் மேலாளர் முதுகில் தட்டுவார், வண்டு மட்டும் அப்படியே இருக்கும். எதையும் போடாவிட்டால் லாரி காலியாகப் போகும். காலி லாரியோடு திரும்பிய ஆய்வாளர் எவரையும் நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. இடுக்கியைப் பையில் போட்டேன். போட்ட பிறகுதான் அதுவே என் முடிவு என்று எனக்கே தெரிந்தது.

"இன்னிக்கு யாருக்கும் முத்திரை இல்ல. இந்தக் குவியலெல்லாம் முத்திரை இல்லாம பெங்களூருக்குப் போகட்டும். நாளைக்குக் காலையில மரத்துலருந்து புதுசா பறிங்க. நான் வந்து நிக்கறேன். பறிச்சது நேரா கூடைக்குப் போகணும். குவியல் கிடையாது."

ஊர் கொதித்தது. ஒருவர் என் அப்பாவைக்கூட விசாரித்தார். திம்மப்பன் மட்டும் தன் தோப்பைப் பார்த்து நடந்தார்.

சாயந்திரம் கிடைத்த வண்டியைப் பிடித்து மேலாளரிடம் போய் நின்றேன். "பேர் எங்கே?" என்றார். "எழுதறதா இருந்தா எல்லார் பேரையும் எழுதணும் சார். புகார் சொன்ன திம்மப்பன் பேர்லருந்து ஆரம்பிக்கணும்" என்று நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் கத்தினார். பிறகு, "விடியறதுக்குள்ள திரும்பிப் போ. நாளைக்குப் பறிக்கறதுல வண்டு வந்தா, நான் எழுதப் போற பேர் உன்னுது" என்றார்.

மறுநாள் மரத்துக்கு மரம் நின்று பார்த்து முத்திரை போட்டேன். சென்னையிலிருந்து சேதி வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. வண்டு வரவில்லை. முனிரத்தினம்மாவின் எண் நின்றது. அக்கரைக் கூடை எதையும் குவியலில் கொட்டக்கூடாது என்று சங்கம் புது விதி போட்டது. நான்தான் அதை ஊர் ஊராகப் போய்ப் படித்துக் காட்டினேன். ஆயிற்று, விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

உங்களிடம் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதற்கு அடுத்த வருஷம் நடந்தது.

முதல் பறிப்பு. லாரி மதியம் கிளம்பியாக வேண்டும். முதல் லாரிக்குச் சரக்கு தராத எண், அந்த வருஷம் முழுக்கச் செத்த எண் என்பது சங்கத்தின் இன்னொரு விதி. எல்லோருடைய கூடைகளும் தைத்து ஏறிவிட்டன. முனிரத்தினம்மா மட்டும் குவியலைத் தொடவிடவில்லை. பக்கத்தில் மகளுக்காக ஒரு கூடையை நிரப்பி வைத்துவிட்டு ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் மக வரட்டும் சார். வந்து குவியலப் பாக்கட்டும். அப்புறம் தைக்கலாம்."

"கொட்டத்தான் கூடாதே அம்மா."

"கொட்ட மாட்டா. வந்து நின்னா போதும்."

சாந்தம்மா வரவில்லை. திம்மப்பன் ஒதுங்கி நின்றார். இந்த முறை அவர் எதையும் தூண்டவில்லை. அவர் மகள் கங்காவும் வரவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஊரில் எந்தப் பெண்ணும் அக்கரையிலிருந்து வரவில்லை. "உங்க வூட்டுக் காய் கெட்ட காய், இங்க கொட்டாதேன்னு சொன்னா, எந்த மாமனாரு சார் மருமவள அனுப்புவாரு?" என்று முனிரத்தினம்மா கேட்டாள். குரலில் குற்றம் சாட்டும் தொனிகூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

டிரைவர் ஹார்ன் அடித்தார். தைக்கச் சொல்லி நான் கெஞ்சினேன். அவள் அசையவில்லை. போன வருஷம் அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய எண்ணை இந்த அம்மாள் தானே தூக்கிப் போடுகிறாளே என்று தலையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு டிரைவரிடம், "ஒரு வாய் டீ குடிச்சிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடையில் இறங்கினேன். அக்கரை என் சரகம் இல்லை. அங்கே எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. இடுக்கியை மரத்தடியில் வைத்துவிட்டுத்தான் போனேன்.

சாந்தம்மாவின் மாமனார் தன் தோப்பு வீட்டிலேயே இருந்தார். வெள்ளை மீசை, வாட்டசாட்டமான உடம்பு. நான் யாரென்று தெரிந்ததும், "பன்னி, பன்னி" என்று கன்னடத்தில் 'வாங்க' சொல்லி வரவேற்றார். கட்டிலைக் காட்டினார். மருமகள் கதவோரம் நின்றாள். கன்னடம் கலந்த தமிழில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"நம்ம காயில வண்டு இருக்குதுன்னு ஊரு பூரா சொன்னீங்களாமே?"

பதில் சொல்வதற்குள் அவர் கத்தியை எடுத்துவிட்டார். பழுத்துக் கிடந்ததில் ஒன்றை எடுத்து என் முன்னால் பிளந்தார். சுத்தமாக இருந்தது. இன்னொன்று, அதுவும் சுத்தம். வண்டு இருந்தால் அவருக்கு அவமானம். இல்லாவிட்டால் ஓராண்டாக நான் சொல்லித் திரிந்ததெல்லாம் என்ன? இருக்க வேண்டும் என்றும் இருக்கக் கூடாது என்றும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொண்டேன். அடுத்த பழத்தில் கொட்டை பிளந்ததும் கறுப்பாக ஒன்று வெளியே வந்து, அவர் கட்டைவிரல்மேல் ஏறி நடந்தது.

அவர் அதைக் கீழே தட்டி மிதித்தார். கத்தியை வேட்டியில் துடைத்தார்.

"கொட்டைய அடுப்புல போட்டா ரெண்டு மூணு வருசத்துல கொறஞ்சிடுங்க. எங்க பக்கத்துலயும் இருந்ததுதான்" என்றேன்.

"சரி. போடறோம்." தோப்பைக் கையால் காட்டினார். "போட்டு, வண்டு இல்லாம போச்சின்னா, எங்களுக்கும் அந்த முத்திர கெடைக்குமா?"

"கெடைக்காதுங்க."

"ஏன்?"

"ஓடைக்கு இந்தப் பக்கம் இருக்கீங்க."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "இந்த மரமெல்லாம் என்னா மரம் தெரியுமா? சம்பந்தி கண்ணாலத்துல சீரு குடுத்த ஒட்டுக்கன்னு. அவங்க தோப்பு மரத்துல கட்டுன ஒட்டு. பொண்ணு வந்துச்சி, மரம் வந்துச்சி. உங்க முத்திர மட்டும் ஓடையத் தாண்டாதா?"

"தாண்டாதுங்க" என்றேன். அதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை. தம்பிகளே, இன்று வரைக்கும் இல்லை. எங்கேயாவது ஒரு கோடு போட்டால்தான் பெயரைக் காப்பாற்ற முடியும். போட்ட இடத்தில் யாருடைய வாசல் இருக்கிறது என்று பார்த்தாவது போடுங்கள்.

கெம்பதொட்டிப் பக்கமிருந்து ஹார்ன் சத்தம் கேட்டது. டிரைவர் டீ குடித்து முடித்துவிட்டார். "அந்தம்மா உங்க மருமக வராம கூடையைத் தைக்க விட மாட்டேங்கறாங்க. லாரி போயிட்டா அவங்க எண்ணு போயிடும். அப்புறம் தோப்பும் போயிடும்" என்றேன்.

பெரியவர் எழுந்து மருமகளைப் பார்த்தார். "சாந்தா, ஓகு, போய்ட்டு வா. உங்கம்மா காத்துக்குனு இருக்குது."

"வெறுங்கையோடயா மாமா?"

அவர் யோசித்தார். மாங்காய் ஆகாது. உள்ளே போய், களத்தில் உலர்த்தி எடுத்து வைத்திருந்த கடலைக்காயைக் கூடை தளும்ப அள்ளிக்கொண்டு வந்து, தானே அவள் தலையில் ஏற்றினார்.

முன்னால் அவளும் பின்னால் நானுமாக ஓடையைத் தாண்டி ஓடினோம். முனிரத்தினம்மா பார்த்துவிட்டாள். எழுந்து நின்றாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். சாந்தம்மா மூச்சு வாங்க வந்து நின்றாள். ஓரமாக இறக்கி வைக்கச் சொல்லலாம் என்று நான் வாயெடுப்பதற்குள், தாயும் மகளுமாகக் கூடையைப் பிடித்து, அத்தனை கடலைக்காயையும் மாங்குவியலின் உச்சியில் சரித்துவிட்டார்கள். சரசரவென்று அது காய்களின் இடுக்கெல்லாம் இறங்கி அடிவரை போய்விட்டது.

"இப்பத் தையுங்க சார்" என்றாள் முனிரத்தினம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

எங்கே தைப்பது? மாங்கூடையில் ஒரு கடலைக்காய் போனாலும் வெளிச்சரக்கு வெளிச்சரக்குதான். டிரைவர் வண்டியைக் கிளப்பி உறுமவிட்டுக்கொண்டிருந்தார். திம்மப்பன் என்னைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார், துண்டை எடுத்து விரித்துப் போட்டுவிட்டு முதல் ஆளாகக் குந்தி உட்கார்ந்தார். அவர் மாங்காயை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக் கூடையில் வைக்க, அடியில் கிடந்த கடலைக்காயைச் சாந்தம்மா வழித்துத் துண்டில் போட்டாள். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தேன்.